வர்கவுஸிலிருந்து வந்த கம்ப்ரஸர்

துவோமோ ஹெய்குரா ஒரு நாள் முழுக்கப் பேசாமலே ஓட்டிவிடக்கூடியவன். பின்லாந்தில் குஹ்மோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கடைகளின் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வேனை எடுத்துக்கொண்டு போவான். கடையில் யாராவது பின்கதவைத் திறந்துவிடுவார்கள். பால் அடுக்குகிற அறைக்குள் நுழைந்து வேலையை முடித்துவிட்டு, "ஓடுது" என்று சொல்லிக் கிளம்பிவிடுவான். குளிர்காலத்தில் சில நாட்கள் அவன் வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சும் அந்த ஒரு சொல்தான். அதில் அவனுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டிலும் ஒரு கம்ப்ரஸர் வைத்திருந்தான். அது கம்ப்யூட்டருக்கு. பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் விரட்டினால் சூடேறிச் செத்துப்போகும். விசிறி போதாது, தண்ணீரும் போதாது. அதனால் ஒரு ஃபிரிட்ஜின் உள்ளுறுப்புகளைத் தனியே எடுத்துக் கட்டி, அந்தக் குளிரை நேராகப் பிராசசரின் தலையில் இறக்குவார்கள். குழாய்க்குள் திரவமாக வருகிற கேஸ் அங்கே ஆவியாகும்போது சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போகும். மைனஸ் நாற்பது, ஐம்பது வரை இறங்கும். வெளியே மரம் வெடிக்கிற குளிர் இருக்க, வீட்டுக்குள் உட்கார்ந்து அதைவிடப் பெரிய குளிரை உண்டாக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அப்போது பின்லாந்து முழுக்க இருந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அது. எல்லாரும் ஒரே இணையதளத்தில்தான் கூடுவார்கள். யாருடைய பிராசசர் எவ்வளவு வேகம் தொட்டது என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு.

பட்டியலில் துவோமோ இரண்டாமிடம். அங்கே அவன் பெயர் ரோவ்ட்டா. மண்ணுக்குள் இறங்குகிற உறைபனிக்கு அந்தப் பெயர். முதலிடத்தில் இருந்தவன் கியூவாஸ் என்று வைத்துக்கொண்டிருந்தான். அது சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பு. குளிருக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டத்தில் அடுப்பின் பெயரை வைத்துக்கொண்டதிலேயே ஆளின் வாய் தெரிந்தது.

"ரோவ்ட்டா, நீ குழாய் பற்றவச்ச போட்டோவைப் பாத்தேன். காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு" என்று எழுதுவான். "நாங்க நேத்து இன்னும் கொஞ்சம் ஏத்திட்டோம். நீ எப்படி, இன்னும் தயிரைத்தான் குளுர வச்சிக்கிட்டிருக்கியா?" என்பான். எப்போதும் 'நாங்க'தான். பெரிய கூட்டம் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். துவோமோ மாலை முழுக்க யோசித்து ஒரே வரியில் பதில் போடுவான். "அடுப்பு அணையற காலம் வரும்" என்கிற மாதிரி. வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, கியூவாஸ் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று திரையைப் பார்ப்பது இரண்டு வருஷப் பழக்கமாகியிருந்தது.

அந்த வருஷம் ஜனவரியில் கியூவாஸிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"என் எந்திரம் கெட்டுப்போச்சு. நானேதான் நோண்டினேன். நீ கேஸ் வேலைக்கு லைசன்ஸ் வச்சிருக்கிறவன். பாத்துக் குடுப்பியா? இஸ்மோ புரானென், வர்கவுஸ்."

இதில் ஏதோ கேலி இருக்கிறது, பதில் போட்டதும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிச் சிரிக்கப்போகிறார்கள் என்று துவோமோ முதலில் நினைத்தான். திரும்பத் திரும்பப் படித்தான். கேலி எதுவும் அகப்படவில்லை. கடைசியில், "கொண்டா. படுக்க வைக்காம கொண்டா" என்று எழுதினான்.

அவன் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலையில்தான் தன் வீட்டில் நாற்காலி ஒன்றே ஒன்று இருப்பது அவன் கண்ணில் பட்டது. வேனிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துவந்தான். காபிக் கோப்பையும் ஒன்றுதான் இருந்தது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினான். கூடவே சாஸேஜ், கம்பு ரொட்டி, அரிசி வைத்த கரேலியப் பணியாரம், ஏலக்காய் ரொட்டி. கல்லாவில் இருந்த பெண், "விருந்தாளியா?" என்று கேட்டாள். "கம்ப்ரஸர் வருது" என்றான் துவோமோ.

பஸ் நிலையத்தில் இறங்கப்போகிற ஆளைப் பற்றி அவன் மனதில் ஒரு உருவம் இருந்தது. பருத்த உடம்பு, பெரிய குரல். இறங்கியவனோ ஒல்லியாக, துவோமோவின் தோள் வரைக்கும் வருகிறவனாக இருந்தான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற சிவப்பு பிளாஸ்டிக் வண்டியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு வந்தான். அதில் மெத்தைப் போர்வை சுற்றிய மூட்டை ஒன்று கிடந்தது.

"ஹெய்குராவா?"

"ஆமா."

"நீ இவ்வளவு உயரம்னு ஒருநாளும் சொல்லலையேய்யா. சொல்லியிருந்தா கொஞ்சம் மரியாதையா திட்டியிருப்பேன்."

துவோமோ மூட்டையைப் பார்த்தான். "படுக்க வச்சிருக்கே."

"நானா வச்சேன்? டிரைவர் வச்சான். நிக்க வச்சா விழுந்துடும்னான். உள்ள எண்ணெய் இருக்கு, சாய்க்கக் கூடாதுன்னேன். எண்ணெய் இருந்தா ஏத்தவே மாட்டேன்னான். உடனே எண்ணெய் இல்லன்னுட்டேன். என்ன பண்ணச் சொல்றே?"

துவோமோவுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாக வராத சிரிப்பு, தொண்டையில் இருமல் மாதிரி சிக்கியது. வண்டிக் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கி இழுத்துக்கொண்டு நடந்தான்.

வீட்டில் போர்வையைப் பிரித்து எந்திரத்தை நிமிர்த்தி வைத்தான். உலோகம் விறைத்துப் போயிருந்தது. அறையின் சூட்டில் அதன் மேலெல்லாம் வியர்த்தது.

"எண்ணெய் குழாய்க்குள்ள ஏறியிருக்கும். அது கீழ இறங்கணும். குளிரும் விடணும். நாளைக்குத்தான் தொடலாம்."

"நாளைக்கா? சாயந்தர பஸ்ஸுக்குத் திரும்பிடலாம்னு வந்தேன்."

"நாளைக்கும் பஸ் இருக்கு" என்றான் துவோமோ. அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

இஸ்மோ மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். சாஸேஜுக்குக் கடுகு தடவினான். இணையத்தில் அப்படி வாயாடுகிறவன், பஸ் நிலையத்தில் பேசியதோடு சரக்கு தீர்ந்துவிட்டவன் போல, ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துக்கொண்டு தின்றான். துவோமோவும் தின்றான். கீபோர்டு இல்லாமல் இரண்டு பேருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. நடுவில் ஒருமுறை இஸ்மோ, "பணியாரம் நல்லா இருக்கு" என்றான். "கடையில வாங்கினது" என்றான் துவோமோ.

சனிக்கிழமை மாலையில் கட்டடத்தின் பொதுச் சவுனாவில் துவோமோவுக்கென்று ஒதுக்கின நேரம் உண்டு. வழக்கமாகத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவான். அன்றைக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான். மேல்பலகையில் அக்கம்பக்கம் உட்கார்ந்தார்கள். இஸ்மோ அகப்பையில் தண்ணீர் எடுத்துக் அடுப்பில் அடுக்கியிருந்த சூட்டுக் கல்லின் மேல் ஊற்றினான். ஆவி சுரீரென்று காதில் ஏறியது.

"பாத்தியா, அடுப்புன்னா இதுதான்" என்றான். "நான் ஊத்தினா ஒரு மாதிரி, நீ ஊத்தினா ஒரு மாதிரி."

துவோமோ கேட்க நினைத்து வைத்திருந்ததை அப்போது கேட்டான். "உங்க ஆளுங்கல்லாம் என்ன சொன்னாங்க? நீ இங்க வர்றேன்னு?"

"எந்த ஆளுங்க?"

"நாங்க நாங்கன்னு எழுதுவியே."

இஸ்மோ முகத்தைக் கையால் வழித்துக்கொண்டான். "நாங்கன்னா நானும் கம்ப்ரஸரும்தான்யா" என்றான். "அக்கா வீட்டு மாடி அறையில இருக்கேன். அக்காவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. அவ வேலைக்குப் போனப்புறம்தான் போடுவேன். நான் என்னமோ நீதான் ஊர்ல நாலு பேரோட உக்காந்து என்னைப் பாத்துச் சிரிக்கிறேன்னு நினைச்சேன். ஒத்தை வரில பதில் போடுவியே, யாரோ அடுத்த அறையில கூப்பிடற மாதிரி."

"யாரும் கூப்பிடல" என்றான் துவோமோ.

துவோமோ இன்னொரு அகப்பை ஊற்றினான். சூட்டில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது வசதியாகவும் இருந்தது.

கீழே இறங்கித் துடைத்துக்கொள்ளும்போதுதான் இஸ்மோ மீதியைச் சொன்னான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவன் பிரிவை இலையுதிர்காலத்திலேயே மூடிவிட்டார்கள். நார்வேயின் வடகோடியில், போட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊரில், மீன் வெட்டுகிற ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாசக் கடைசியில் கிளம்பவேண்டும். நாலு பேருக்கு ஒரு அறை. எந்திரத்தைக் கொண்டுபோக முடியாது.

"அப்ப எதுக்கு ரிப்பேர் பண்றே?"

"ஒருதடவை ஒழுங்கா ஓடிப் பாக்கணும். அதுக்குத்தான். நானே கெடுத்து, கெட்டதாவே விட்டுட்டுப் போனா அது மனசுல கெடந்து அறுக்கும்." சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே, "உன்கிட்ட ஏன் வந்தேன்னு கேப்பே. வேற யாரு இருக்கா?" என்றான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தார்கள். துவோமோ குழாயை வெட்டிப் பார்த்தான். கேப்பிலரி என்கிற மெல்லிய செப்புக் குழாய் வழியாகத்தான் திரவம் பிராசசரின் தலைக்குப் போகும். அந்தக் குழாய் எவ்வளவு நீளம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. நீளம் அதிகமானால் கேஸ் குறைவாகப் போகும், ஆனால் கடுமையாகக் குளிரும். நீளம் குறைந்தால் வெள்ளமாகப் போய், ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வந்து அதை அடிக்கும்.

"பாதிய வெட்டித் தள்ளியிருக்கே."

"நிறைய கேஸ் போனா நிறைய குளிரும்னு நினைச்சேன்."

"ரெண்டு வருஷமா முதலிடத்துல இருந்திருக்கே நீ."

"அதிர்ஷ்டம்டா" என்றான் இஸ்மோ. அவன் 'டா' போட்டது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

துவோமோ சுருளிலிருந்து புதுக் கேப்பிலரி அளந்து வெட்டினான். ஈரம் உறிஞ்சுகிற ஃபில்டரை மாற்றினான். வெள்ளிக் கம்பி வைத்து, தீநாக்கைச் சின்னதாக்கி ஒவ்வொரு மூட்டாகப் பற்றவைத்தான். இஸ்மோ டார்ச் பிடித்தான். "காக்கா இன்னிக்கு நல்லாச் சாப்பிட்டிருக்கு" என்றான். "கையை ஆட்டாதே" என்றான் துவோமோ. பிறகு வேக்யூம் பம்பைப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் வெளியேறும்வரை காபி குடித்தார்கள். பம்ப் இரைந்துகொண்டே இருந்ததால் பேசாமலிருப்பது இப்போது கஷ்டமாக இல்லை.

கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். முதலில் பிராசசருக்குப் பதிலாக அதைப் போலவே சூடாகிற ஒரு ஹீட்டர் கட்டியை வைத்துப் பார்த்தார்கள். வெப்பமானியின் முள் இறங்கியது. மைனஸ் முப்பது. நாற்பது. திரும்பி வருகிற குழாயில் வெண்பனி ஊர்ந்து வந்து, கம்ப்ரஸரை எட்டுவதற்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அங்கேதான் நிற்கவேண்டும். துவோமோ விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். மைனஸ் ஐம்பத்திரண்டில் முள் அசையாமல் நின்றது.

இஸ்மோ தன் பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். அதில் அவனுடைய பிராசசர் சில்லு இருந்தது.

"என்கிட்ட நல்ல சில்லு. உன்கிட்ட நல்ல போர்டு" என்றான். "சேத்துப் பாப்போமா?"

துவோமோவின் கம்ப்யூட்டர் போர்டில், சில்லு உட்காருகிற சாக்கெட்டைச் சுற்றி வாசலின் பூசினார்கள். ஈரம் படியாமலிருக்கக் கறுப்பு ரப்பர் பட்டைகளை இடைவெளியில்லாமல் அடைத்தார்கள். குளிரை இறக்குகிற குழாய்முனையைச் சில்லின் மேல் வைத்துத் திருகினார்கள். கம்ப்ரஸர் ஓடியது. துவோமோ வேகத்தை ஏற்றிக்கொண்டே போனான். தன் பழைய எண்ணைத் தாண்டினான். இஸ்மோவின் எண்ணைத் தாண்டினான். நிற்கவில்லை. பின்லாந்தில் அதுவரை யாரும் எழுதியிராத ஒரு எண் திரையில் வந்து நின்றது.

அதைப் படமாக எடுத்து, பெயர் போட்டு அனுப்பினால் பட்டியலில் ஏறும். ஒரே ஒரு பெயர்தான் போட முடியும்.

"உன் பேரைப் போடு" என்றான் இஸ்மோ.

"சில்லு உன்னுது."

"போர்டு உன்னுது. கேப்பிலரி உன்னுது. நான் டார்ச் புடிச்சேன்."

"எந்திரம் உன்னுது. நீ போடு."

"நான் மீன் வெட்டப் போறேன்டா, எனக்கு எதுக்கு? போடு."

"முடியாது."

இப்படி மாறி மாறித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை. பிறகு திரை முழுக்க நீலமானது. படம் எடுக்கவில்லை. எண் போய்விட்டது.

இரண்டு பேரும் அந்த நீலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தோம்ல?" என்றான் இஸ்மோ.

"பாத்தோம்."

"அப்ப சரி."

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மறுபடி ஏற்றிப் பார்க்க அவகாசமில்லை. எந்திரத்தைக் கழற்றப் போன துவோமோவின் கையை இஸ்மோ பிடித்தான். "இருக்கட்டும். மறுபடி அந்த டிரைவர் கையில குடுக்கணுமா? சில்லும் இருக்கட்டும்." வெறும் போர்வையைச் சிவப்பு வண்டியில் போட்டுக் கட்டிக்கொண்டான். பஸ் வரும்வரை இருவரும் காலை மாற்றி மாற்றித் தரையில் உதைத்துக்கொண்டு நின்றார்கள். கைகுலுக்கும்போது கையுறையைக் கழற்றினார்கள். பஸ் திரும்பி மறைந்ததும் துவோமோ வீட்டுக்கு வந்து, மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வேன் வரைக்கும் போய், மனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.

பிப்ரவரி முழுக்க அவன் அந்த எந்திரத்தைத் தொடவில்லை. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினான். எந்திரம் சொன்னபடி கேட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் பார்த்த எண்ணையும் தாண்டிப் போனது. படம் எடுத்தான். "எந்திரமும் சில்லும் கியூவாஸுடையவை" என்று அடியில் எழுதி அனுப்பினான். ரோவ்ட்டா முதலிடத்துக்கு வந்தான்.

பலர் வாழ்த்தினார்கள். தாம்பெரேயிலிருந்து ஒருவன் கேப்பிலரி நீளம் கேட்டான். இன்னொருவன் எதிர்காலத்தில் உன்னை முறியடிப்பேன் என்று பணிவாக எழுதியிருந்தான். துவோமோ எல்லாவற்றையும் படித்தான். பற்றவைத்த மூட்டின் படத்தை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருந்தான். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பூட்ஸோடு வந்து திரையைப் பார்த்தான். கியூவாஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் கடைசியாக வந்த தேதி ஜனவரியிலேயே நின்றிருந்தது. கொஞ்ச நாளில் துவோமோ பூட்ஸைக் கழற்றிவிட்டே உள்ளே வரத் தொடங்கினான்.

வர்கவுஸில் இஸ்மோவின் அக்காவைத் தேடிப் பிடித்து அவன் போன் எண்ணை வாங்கத் துவோமோவுக்கு மே மாசம் ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் பண்ணுவது அவனால் ஆகாத காரியம். அந்த அம்மாள் சந்தேகத்தோடு விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

மணி நெடுநேரம் அடித்தது. பின்னால் ஏதோ மொழியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"புரானென்."

"ஹெய்குரா பேசறேன்."

"யாரு செத்தா?" என்றான் இஸ்மோ.

"யாரும் சாகல. முதலிடம் வந்துட்டேன். மார்ச்சில."

"எவ்வளவு?"

சொன்னான்.

"கம்மி. அந்தச் சில்லை வச்சிக்கிட்டு எங்க அக்காவே அவ்வளவு ஏத்துவா." குரல் களைத்திருந்தது. கேலி எப்போதும் வருகிற இடத்தில் வந்தது, அவ்வளவுதான். துவோமோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஜூலையில எனக்கு லீவு" என்றான்.

"அதுக்கு?"

"அந்தப் பக்கம் வரலாம்னு."

"இங்க என்ன இருக்கு? மீன் தலை இருக்கு. மழை இருக்கு. எனக்கு லீவும் கிடையாது."

"இருக்கட்டும்."

"வழி ரொம்ப தூரம்டா."

"வேன் இருக்கு" என்றான் துவோமோ.

போனான். இனாரியைத் தாண்டி, மரங்கள் குட்டையாகி, பிறகு மரமே இல்லாமல் போன மேட்டுநிலத்தின் வழியாக ஓட்டிக்கொண்டு போனான். போட்ஸ்ஃபியோர்டில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆலையின் வாசலுக்கு இஸ்மோ ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தான். இன்னும் இளைத்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் அவனுக்குக் கிடைத்தது. வேலைக்கு ஒருவன் வராததால் அவனுக்கும் சேர்த்து மறுபடி உள்ளே போகவேண்டும். துறைமுகத்தைப் பார்த்து வேனை நிறுத்தி, துவோமோ கொண்டுவந்திருந்த கம்பு ரொட்டியைத் தின்றார்கள்.

"எப்படி இருக்கு வேலை?"

"கை மரத்துப் போகும். மத்தபடி பரவாயில்ல. அறையில மூணு பேரும் அவங்க பாஷையில பேசிக்குவாங்க. நல்லவங்கதான்." கொஞ்சம் கழித்து, "நீ சொல்லு" என்றான்.

துவோமோ சொல்ல ஆரம்பித்தான். கடைகளைப் பற்றி, ஒரு கடையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்ததைப் பற்றி. அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அவனுக்கே புதிதாக இருந்தது. ஏதோ ஒரு இடத்தில் பதில் வராததைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தான். இஸ்மோ பாதி தின்ற ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டிருந்தான்.

துவோமோ அவன் பக்கத்து ஜன்னலைச் சத்தமில்லாமல் ஏற்றினான். ஹீட்டரைத் திருப்பி அவன் கால்பக்கம் விட்டான். மீன்படகு ஒன்று உள்ளே வந்து கயிறு கட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆலையின் சங்கு ஊதியதும் தோளைத் தொட்டான்.

"எழுந்திரு. கூப்பிடறாங்க."

இஸ்மோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினான். "எலி என்னாச்சுன்னு எழுது" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினான்.